துப்புரவு மீன்: ஒரு சின்ன வியாபாரியின் நாணயம்

அவையோருக்கு வணக்கம்.

பெரிய மீன்களின் வாய்க்குள் நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும் சின்ன மீனைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஏதோ தொண்டு செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது செய்வது வியாபாரம். ஆள் பார்த்து எடையில் கைவைக்கும் வியாபாரம்.

முதலில் அடையாளம். முழுதாக வளர்ந்தால் சுமார் 14 செ.மீ. வாய் நுனியில் தொடங்கும் கறுப்புப் பட்டை கண்ணைத் தாண்டி, வாலை நெருங்க நெருங்க அகலமாகும். உடலின் பின்பாதி பளிச்சென்ற நீலம். குஞ்சுப் பருவத்தில் உடம்பெல்லாம் கறுப்பு, முதுகோரம் மட்டும் நீலக்கோடு. செங்கடலிலிருந்து பிரெஞ்சு பொலினீசியா வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

இதே நிறம், இதே பட்டை, இதே குலுக்கு நடையோடு ஒரு வேடதாரியும் திரிகிறது: பிளென்னி வகை மீன். துப்புரவுக்கு வந்ததுபோல் நெருங்கித் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். முகத்தைப் பாருங்கள். அசல் மீனுக்கு வாய் முகத்தின் நுனியில். போலிக்கு மூக்குக்கு அடியில் உள்வாங்கியிருக்கும்.

துப்புரவு மீன் ஒரே இடத்தில் கடை போட்டிருக்கும். வாடிக்கையாளர்தான் தேடி வர வேண்டும். களவா என்ற பெரிய வேட்டை மீன் வந்தால் வாயைத் திறந்து, செவுள் மூடியை விரித்து, அசையாமல் நிற்கும். நவரை மீன்களில் சில அப்போது சிவந்துபோகும். இப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளை ஒரே மீன் தின்பதாக ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கேயே சில பாறைத் திட்டுகளில் எட்டரை ஆண்டுகள் துப்புரவு மீன்களைத் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தது, வகைகளும் குறைந்தன.

சிக்கல் என்னவென்றால், இதற்கு ஒட்டுண்ணியைவிட வாடிக்கையாளரின் உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்புச் சளிதான் ருசி. அதைக் கடித்தால் வாடிக்கையாளர் வெடுக்கென்று துள்ளும். நீரடியில் இருப்பவர்கள் அந்தத் துள்ளலை எண்ணினாலே கடையின் யோக்கியதை தெரிந்துவிடும். கடிபட்ட மீன் துரத்தும், அல்லது வேறு கடை பார்த்துப் போய்விடும். வேறிடம் போக வழியில்லாத உள்ளூர் மீன்களைக் காக்கவைத்து, ஊர் சுற்றும் மீன்களை முதலில் கவனிப்பதும் இதன் வழக்கம். அடுத்த வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தால் கடி குறையும். தன்னையே விழுங்கக்கூடிய களவாவிடம் வாலாட்டாது. வயிற்றுத் துடுப்பால் முதுகைத் தடவிக்கொடுக்கும்.

வீட்டுக்குள்ளும் கண்டிப்பு உண்டு. ஓர் ஆண், அதன் ஆளுகையில் சில பெண்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்யும்போது பெண் சளியைக் கடித்து வாடிக்கையாளர் போய்விட்டால், ஆண் அதைத் துரத்தி அடிக்கும். அடுத்த முறை பெண் அடக்கமாக இருக்கும். ஆண் செத்தால் பெண்களில் பெரியது ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆணைப்போல் நடக்கத் தொடங்கும். 14 முதல் 18 நாளில் விந்தும் உண்டாகிவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுத் தொட்டிக்கு ஒன்று வாங்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாலைந்து மீன் உள்ள தொட்டியில் ஒட்டுண்ணி ஏது? வந்த சில வாரங்களில் பட்டினியால் வயிறு ஒட்டிப்போகும். பசியில் மற்ற மீன்களின் சளியைச் சுரண்டும், அவை பவளத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பொடியாக நறுக்கிய இறாலை ஒரே வேளையாகப் போடாமல், சிறிது சிறிதாகப் பல வேளை போடுங்கள். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடாதீர்கள்.