பெட் ஷாப்ல வேல பாக்குறேன், பாஸ்கிட்ட எப்படிச் சொல்றது?

அடுத்த கேள்வி. ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, அக்கா நான் பாலிடெக்னிக் படிக்கிறேன், சனி ஞாயிறு ஒரு பெட் ஷாப்ல பார்ட் டைம் வேல, அங்க பெரிய சிரியன் ஹேம்ஸ்டர் நாலையும் ஒரே தொட்டியில போட்டு வச்சிருக்காங்க, ஒண்ணுக்குக் காது கிழிஞ்சிருக்கு, முயல் ரெண்டும் கம்பி வலை மேலயே நிக்குது, வாயத் தொறந்தா வேல போயிடுமோன்னு பயமா இருக்குன்னு.

நீங்க பாத்தது சரிதான்மா. சிரியன் ஹேம்ஸ்டர் குட்டியா இருக்குறப்ப ஒண்ணா சுருண்டு தூங்கும், அஞ்சாறு வாரம் தாண்டுச்சுன்னா ஒண்ண ஒண்ணு கடிக்க ஆரம்பிச்சிடும், கடிச்சுக் கொன்னே போட்டுடும், அது தனியா வாழுற ஜீவன். முயலுக்கு நாய் பூனை மாதிரி பாதத்துல மெத்துனு சதை கிடையாது, முடி மட்டும்தான், நாள் பூரா கம்பியில நின்னா அந்த முடி தேஞ்சு புண்ணாயிடும்.

நானும் படிக்கிறப்ப ஒரு கடையில வேல பாத்தேன், அங்க முயல் கூண்டு மத்தியானம் வெயில் நேரா விழுற கண்ணாடிகிட்ட இருந்துச்சு, முயலுக்கு வேர்க்காது, 28 டிகிரி தாண்டுனாலே அதுக்குக் கஷ்டம், நம்ம ஊரு மத்தியானத்தப் பத்திச் சொல்லவே வேணாம். எனக்குத் தாங்கல, கஸ்டமர் நிக்குறப்பவே சத்தம் போட்டுட்டேன். பாஸுக்கு முகம் சுருங்கிப்போச்சு, அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் அவர் காதுல ஏறல, கூண்டும் அங்கயேதான் இருந்துச்சு. அந்த முயல இன்னிக்கு நெனச்சாலும் மனசு வலிக்குது.

அதனால கடை மூடுற நேரமாப் பாத்து தனியாப் பேசுங்க. இங்க எல்லாமே தப்புன்னு ஆரம்பிக்காதீங்க, எந்தத் தொட்டி, என்னிக்குப் பாத்தீங்க, எங்க காயம், அத மட்டும் சொல்லுங்க, பாஸ் இந்தக் காது கிழிஞ்சத நான் தனியா மாத்திடட்டுமா, தொட்டிய நானே கழுவி வைக்கிறேன், முயலுக்கு ஒரு பக்கம் பலகை போட்டு காஞ்ச புல்லு பரப்பிடுறேன்னு கேளுங்க. செலவு கம்மி, வேலையும் நீங்க செய்றீங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. தேதி போட்டு எழுதி வைங்க, போட்டோ எடுத்து வைங்க, ஆனா உடனே டிக்டாக்ல போட்டுடாதீங்க, அப்புறம் பேச்சு உங்களப் பத்தித்தான் ஓடும், ஹேம்ஸ்டரப் பத்தி இருக்காது.

ரெண்டு மூணு தடவ சொல்லியும் அசையலன்னா ஏவிஎஸ்-கிட்ட சொல்லலாம், அது விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை, நம்ம சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகம் என்பார்க்ஸ் கீழ இருக்குற பிரிவு, பெட் ஷாப்புக்கு லைசன்ஸ் குடுக்குறதே அவங்கதான், பெட் வியாபாரம் பண்றவங்க விலங்குகள எப்படி வச்சிருக்கணும்னு 2016-லேருந்து தனி விதிமுறையே இருக்கு. விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் எஸ்பிசிஏ-கிட்டயும் சொல்லலாம். எம் பேர வெளிய சொல்லாதீங்கன்னு மொதல்லயே கேட்டுக்கோங்க. இது காட்டிக்குடுக்குறது இல்லம்மா, அதுங்களுக்கு வாய் இல்ல, அங்க நிக்குறது நீங்கதான்.

உடம்புக்கு முடியலன்னா மட்டும் இவ்வளவு பொறுமை வேணாம். முயல் காலைலேருந்து ஒண்ணுமே தின்னல, புழுக்கையும் போடலன்னா குடல் நின்னுபோச்சுன்னு அர்த்தம், நாளைக்குப் பாக்கலாம்னு விட்டா போயிடும், ஹேம்ஸ்டருக்கு வால் பக்கம் ஈரமா நாறுச்சுன்னாலும் அப்படித்தான், அன்னிக்கே மிருக டாக்டர்கிட்ட போகணும்னு பாஸுக்கு நேரா போன் போட்டுச் சொல்லிடுங்க. காது கிழிஞ்சதையும் அடுத்த ஷிஃப்ட் வரைக்கும் விடாதீங்க, இன்னிக்கே தனியா எடுத்து வைக்கக் கேளுங்க.