குதிரை நாவலைத் தூக்கி நிறுத்துவது லாயத்து விவரமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“இளையோருக்கான குதிரை நாவலைத் தூக்கி நிறுத்துவது கற்பனையா, லாயத்து விவரமா?” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எதிரணித் தலைவர் கற்பனைக்காக வாதாடிவிட்டு மூன்று கணைகளை விட்டுச் சென்றிருக்கிறார். பிள்ளைகள் பாசத்துக்காகப் படிக்கிறார்களே தவிர சேணத்தில் எத்தனை பட்டை என்று எண்ணுவதற்கா படிக்கிறார்கள் என்றார். ‘பிளாக் பியூட்டி’யில் குதிரையே கதை சொல்கிறதே, இதைவிடக் கற்பனை உண்டா என்றார். ‘தி பிளாக் ஸ்டாலியன்’ கதையைத் தொடங்கியபோது வால்டர் ஃபார்லி பள்ளி மாணவர், அவருக்கு ஏது லாயம் என்றும் கேட்டார். மூன்றுக்கும் கைதட்டல் விழுந்தது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபார்லி பள்ளி மாணவர்தான். 1941இல் புத்தகம் வந்தபோதும் கல்லூரியைத் தாண்டாதவர்தான். ஆனால் அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் குதிரைதான் தொழில். பையன் அவர் பின்னாலேயே சுற்றினான். லாயம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லையே. லாயத்துக்குள் கால் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ‘பிளாக் பியூட்டி’. அந்த நாவலை எழுதிய ஆன்னா சூவெல் 14 வயதில் கணுக்காலில் அடிபட்டவர். அதன் பிறகு நன்றாக நடக்கவே முடியவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் மட்டக்குதிரை பூட்டிய வண்டிதான். கடிவாள வாரைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லாண்டுகள் ஒரு குதிரையின் முதுகையும் காதையும் பார்த்தபடி போனவர் அவர். 1871 முதல் 1877 வரை, எழுந்து உட்கார முடியாத நாட்களில்கூடத் துண்டுக் காகிதங்களில் எழுதினார், அம்மா படியெடுத்தார். அப்படி எழுதியது எதை? வண்டிக் குதிரையின் தலையை அழகுக்காகத் தூக்கிக் கட்டும் வாரை. அந்த வார் இருந்தால் மேட்டில் ஏறும்போது குதிரையால் தலையைத் தாழ்த்தி, தோளைக் கொடுத்து இழுக்க முடியாது, மூச்சு திணறும், கழுத்து வலிக்கும். குதிரை பேசுவது கற்பனை, ஒப்புக்கொள்கிறேன். அது பேசிய விஷயமோ முழுக்க லாயத்து விஷயம், நடுவர் அவர்களே! வாய் எங்களுடையதென்று எதிரணி எடுத்துக்கொள்ளட்டும். வார்த்தை எங்களுடையது.

குதிரையைப் பேச வைப்பதிலேயே எத்தனை பேர் சறுக்குகிறார்கள் என்று பாருங்கள். “சிவப்புச் சட்டைப் பையன் எனக்கு நேர் எதிரே வந்து நின்றான், அவன் கண்ணீரைக் கண்டேன்” என்று குதிரை சொல்வதாக எழுதுவார்கள். ஒரு வரியில் இரண்டு தப்பு. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பைப் பிரித்தறியாது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பார்க்கும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதியும், வாலுக்கு நேர் பின்னாலும் பார்வைக்கு எட்டாது. ஆகவே பையன் நெற்றியருகில் வரும்போது குதிரை தலையைச் சற்றுத் திருப்பும், இல்லை மூச்சை இழுத்து மோப்பம் பிடிக்கும். உப்பு வாடையும் வேர்வை வாடையும் வழியாக அந்த அழுகையைச் சொல்லிப் பாருங்கள். காட்சி எவ்வளவு புதிதாகிறது!

எழுதும் மேசைக்கு வருவோம். இந்த வகை நாவலில் கைதேர்ந்தவர்கள் முதல் அத்தியாயத்துக்கு முன் குதிரைக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். வயது, ஆணா பெண்ணா காயடித்ததா, லாடம் உண்டா, எதைக் கண்டால் மிரளும், உயரம். உயரத்தை ‘ஹேண்ட்’ கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரை அளப்பார்கள். 12.2 என்று எழுதினால் 12 ஹேண்டும் 2 அங்குலமும். புள்ளிக்குப் பின்னால் 3க்கு மேல் எண்ணே கிடையாது. “14.7 ஹேண்ட் உயரக் கறுப்புக் குதிரை கம்பீரமாக நின்றது” என்று அச்சில் வந்தால், குதிரை ஏறும் பத்து வயதுப் பிள்ளை அங்கேயே புத்தகத்தை மூடிவிடும். பொதுவாக 14.2க்கு உட்பட்டது மட்டக்குதிரை என்பதும் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம்.

இந்த ஒற்றை எண்ணிலிருந்தே முழு நாவல் கிடைக்கும். பத்து வயதுச் சிறுமிக்கு 12.2 ஹேண்ட் மட்டக்குதிரை. குதிரை வளர்ந்து முடிந்தது. சிறுமி வளர்ந்துகொண்டே இருக்கிறாள். பதின்மூன்று வயதில் அவள் கால் அதன் வயிற்றுக்குக் கீழே தொங்கும். வில்லன் வேண்டாம், புயல் வேண்டாம். அவள் உயிராக நேசிக்கும் குதிரையைத் தன்னைவிடச் சின்னப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், கடிவாளத்தைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். எதிரணித் தலைவர் கேட்ட பாசம் இதோ இருக்கிறது. இதைக் கொடுத்தது அளவுகோல்.

அவர் நடுவில் ஒரு மாதிரிக் கதையும் சொன்னார்: அநாதைச் சிறுமி, காட்டுக் குதிரை, இரவெல்லாம் நாலுகால் பாய்ச்சல், விடிந்ததும் பந்தயத்தில் வெற்றி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மனிதக் கையே படாத குதிரை சேணத்தை ஏற்றுக்கொள்ளவே வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். நாலுகால் பாய்ச்சல் சில கிலோமீட்டர் தாங்கும். இரவெல்லாம் என்றால் குதிரை செத்துப்போகும். 160 கிலோமீட்டர் ஓடும் நெடுந்தூரப் போட்டிகள் உண்டு. அங்கே இடையிடையே நிறுத்தி மருத்துவர் சோதிப்பார். இதயத்துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64க்கு இறங்கவில்லை என்றால் போட்டியை விட்டு வெளியே அனுப்பிவிடுவார். நண்பரின் கதையில் அந்த மருத்துவரை ஒரு முறை நுழைய விட்டிருந்தால், துடிப்பு இறங்குமா இறங்காதா என்று அவரே நகம் கடித்திருப்பார்.

காயத்துக்கும் காலண்டர் உண்டு. பத்தாம் அத்தியாயத்தில் குதிரை நொண்ட வேண்டும், பதினான்காம் அத்தியாயத்தில் போட்டி என்று வைத்துக்கொள்வோம். “தசைநாண் கிழிந்தது” என்று எழுதினால் மாட்டிக்கொண்டீர்கள். அது ஆற ஒன்பது மாதம், ஓராண்டு ஆகும். விவரம் தெரிந்தவர் குளம்புக்குள் சீழ் கட்ட வைப்பார். நேற்று வரை ஓடிய குதிரை இன்று காலை ஒரு காலைத் தரையில் ஊன்ற மறுக்கும். பார்த்தால் எலும்பு முறிந்ததுபோலவே இருக்கும், வீடே அழும். லாடக்காரர் குளம்பின் அடியைச் சீவிச் சீழ் வெளியேற வழி செய்து, மருந்து வைத்துக் கட்டிவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாக நடக்கும். அத்தனை பயமும் உண்டு, அத்தனை அவகாசமும் உண்டு. எந்தக் கற்பனையும் இவ்வளவு வசதியான நோயைக் கண்டுபிடித்துத் தராது.

வயிற்று வலிக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ‘கோலிக்’ என்பார்கள். ஏறக்குறைய எல்லாக் குதிரை நாவலிலும் வருகிற இரவு அது. பெரும்பாலான நாவல்களில் சொதப்பப்படுகிற இரவும் அதுதான். சொதப்புகிறவர் எழுதுவது, “குதிரை வலியால் கனைத்தது, சிறுமி கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.” குதிரை வேட்டையாடப்படும் இனம், வலியைச் சத்தம் போட்டு ஊருக்குச் சொல்லாது. அது செய்வது வேறு. வைத்த புல்லைத் தொடாது. தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். முன்னங்காலால் தரையைப் பறிக்கும். படுக்கும், எழும், மறுபடி படுத்துப் புரளும். காலையிலிருந்து லத்தி போட்டிருக்காது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். இது தெரிந்த வாசகருக்கு அந்தச் சுத்தமான லாயத் தரையே திகில்.

சிறுமி என்ன செய்கிறாள்? தீனியை அப்புறப்படுத்துகிறாள். மருத்துவருக்குப் போன் செய்கிறாள். அவர் மூன்று கேள்வி கேட்கிறார்: ஈறு என்ன நிறம், கடைசியாக எப்போது லத்தி போட்டது, துடிப்பு எவ்வளவு. தாடை எலும்புக்கு உட்புறம் விரலை வைத்து 15 வினாடி எண்ணுகிறாள். பதினாறு. நாலால் பெருக்குகிறாள், 64. சும்மா நிற்கும் குதிரைக்கு 28லிருந்து 44க்குள் இருக்க வேண்டும். விலாவில் காதை வைக்கிறாள். நலமான குடல் கடகடவென்று சத்தம் போடும். இங்கே சத்தமே இல்லை. எழுத்தாளர் “அவள் பயந்தாள்” என்று எழுதத் தேவையே இல்லை, நடுவர் அவர்களே. பெருக்கல் கணக்குப் போட்ட வாசகர் தானே பயந்துவிட்டார். பிறகு மருத்துவர் வந்து மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவார். அதற்கு முன் சிறுமி தானாக வலி மருந்து கொடுத்துவிடக் கூடாது. நோயின் அடையாளத்தை மருந்து மறைத்துவிடும். இரவு முழுக்க நடத்திக்கொண்டே இருப்பதும் பழைய பழக்கம். அதில் குதிரை களைத்துப்போவதுதான் மிச்சம்.

“இத்தனையும் எழுதினால் அது கால்நடைத் துறைக் கையேடு ஆகிவிடாதா?” என்று எதிரணி மேசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆகும், விவரத்தைத் தனியே நிறுத்திப் பாடம் நடத்தினால் ஆகும். சேணம் கட்டுவதை ஒன்று, இரண்டு என்று எழுதினால் கொட்டாவிதான். அந்தக் கட்டும் வேலைக்கு மேலேயே அக்கா தங்கை சண்டையை ஓட விடுங்கள். துணி விரிக்கிறாள், சேணம் வைக்கிறாள், வயிற்றுப் பட்டையை இழுக்கிறாள், வார்த்தை தடிக்கிறது. பட்டை இறுகும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும்; சில நிமிடம் கழித்து மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். சண்டையில் அந்த இரண்டாவது இழுப்பு மறந்துபோகிறது. அடுத்த பக்கத்தில் சேணம் சரிந்து அவள் விழும்போது யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். முதல் வரைவில் தெரிந்ததை எல்லாம் எழுதலாம். திருத்தும்போது யாருடைய கையிலும் இல்லாத விவரத்தை வெட்ட வேண்டும். திருத்திய பிரதியைக் குதிரையோடு பிழைக்கும் ஒருவர் படிக்கட்டும். அவர் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் அந்தப் பக்கம் போச்சு.

எதிரணி கையில் இன்னொரு சீட்டும் இருக்கும், நானே எடுத்து வைக்கிறேன். மார்கரெட் ஹென்றி 1947இல் எழுதிய ‘மிஸ்டி ஆஃப் சிங்கோடீக்’. கதையில் மிஸ்டி தீவில் காட்டுக்குட்டியாக வருகிறது. நிஜ மிஸ்டி பிறந்தது ஒரு பண்ணையில். ஆகா, கற்பனை! ஆனால் அந்த ஒரு பொய்யைத் தாங்க அவர் எதையெல்லாம் நட்டிருக்கிறார்? வர்ஜீனியா கடற்கரைக்கே போய் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் குதிரை நீச்சலைப் பார்த்தார். அசட்டீக் தீவிலிருந்து சிங்கோடீக்குக்குக் குட்டிகளும் சேர்ந்து நீந்தும். அதுவும் நீரோட்டம் ஏறாமல் இறங்காமல் அடங்கி நிற்கும் சிறு இடைவேளையில்தான் நீந்தவிடுவார்கள். மிஸ்டியை விலைக்கு வாங்கி இல்லினாயில் தன் வீட்டிலேயே வளர்த்தார். குட்டி சமையலறைக்குள் என்ன செய்யும் என்பதை அவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கற்பனையை மட்டும் நம்பிக் குதிரை செய்தால் என்ன ஆகும் என்பது இந்த அவைக்குப் புதிதா? அரிமர்த்தன பாண்டியன் லாயத்தில் நடந்ததுதான். பகலில் ஜோராக வந்து நின்ற பரிகள், இரவில் நரிகளாகி ஊளையிட்டதோடு விடாமல், ஏற்கெனவே இருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துக் குதறின. செய்தவர் சிவபெருமான், அதனால் அது திருவிளையாடல் ஆயிற்று. நாமும் எதிரணித் தலைவரும் செய்தால் பதிப்பாளர் திருப்பி அனுப்புவார்.

தமிழில் இப்படி ஒரு நாவல் எழுத நினைப்பவருக்கு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா இருக்கிறது. அங்கே குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் காதைப் பாருங்கள், நுனி உள்நோக்கி வளைந்து இரண்டும் தொட்டுக்கொள்ளும். இங்கிலாந்துக் கதையைப் பார்த்து “காதை ஈட்டிபோல் நிமிர்த்தியது” என்று எழுதினால் இங்கே பொருந்தாது. கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், குதிரைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வயதைப் பல்லில் எப்படிப் பார்க்கிறீர்கள், கொள்ளு எவ்வளவு, ஊற வைத்தா வேக வைத்தா, லாடம் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, லாரியில் ஏற மறுத்தால் என்ன செய்வீர்கள், இரவில் கூடப் படுப்பது யார். கடைசிக் கேள்விக்கு அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ, பெரும்பாலும் பன்னிரண்டு வயதுப் பையனாக இருப்பான், அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.