‘சரியாகிவிட்டது’ என்ற சொல்

அவையோருக்கு வணக்கம்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 100-க்கு 1 குழந்தைக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் வாயில் வரும் முதல் சொல், ‘சரியாகிவிட்டது’. சிறிய ஓட்டை தானாக மூடிக்கொண்டால் அப்படிச் சொல்லலாம், தப்பில்லை.

இதயத்தில் நான்கு குறைகள் ஒன்றாகச் சேர்ந்து வரும் டெட்ராலஜி ஆஃப் ஃபேலட் அப்படியல்ல. ஆபரேஷனில் நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகிய பாதையை அகலமாக்கும்போது, அங்கிருக்கும் வால்வு பல நேரம் சரியாக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் வழியும். இதயத்தின் வலது கீழறை அதைச் சுமந்து சுமந்து மெல்ல விரியும். 20 வருடமானாலும் ஆளுக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். மாடிப்படியில் மூச்சு வாங்கினால், எடை போட்டுவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். எக்கோ ஸ்கேனும் எம்ஆர்ஐ ஸ்கேனும் அதை முன்பே காட்டிவிடும், போய் எடுத்தால்தானே? குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான இதய மருத்துவரிடம் மாறவேண்டிய வயதில்தான் பலர் விட்டுப்போகிறார்கள்.

அடுத்து, பல். இதயத்தைப் பற்றிப் பேச வந்து பல்லா என்று சிரிக்காதீர்கள். ஈறு வழியே ரத்தத்தில் இறங்கும் கிருமி, செயற்கை வால்விலோ, ஒட்டுப் போட்ட இடத்தில் இன்னும் கசிவு இருந்தால் அங்கேயோ ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்க 30 முதல் 60 நிமிடம் முன்பு ஆன்டிபயாட்டிக் தருவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளை. பிறவி இதயக் குறை உள்ள எல்லோருக்கும் இது தேவையில்லை. யாருக்கு என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். தினமும் பல் துலக்குவதில் மட்டும் யாருக்கும் விலக்கு கிடையாது.

காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி வால்விலேயே இருக்கும். பிறகு ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்தால் அதில் எதுவும் வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் வைத்தியம் செய்ய வேண்டியதாகிவிடும். முதலில் கல்ச்சர், அப்புறம் மருந்து.

கடைசியாக, ஒரு சீட்டு. குறையின் பெயர், ஆபரேஷன் செய்த தேதி, உள்ளே வைத்த வால்வு அல்லது ஒட்டு, சாப்பிடும் மாத்திரை, கடைசி எக்கோ எடுத்த நாள் இவ்வளவும் அதில் இருக்கட்டும். ‘ஓட்டையை அடைத்தார்கள்’ என்பது எந்த மருத்துவருக்கும் போதாது. அந்தச் சீட்டை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். எக்கோ தேதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.