பந்து யார் கையில் இருக்கிறதோ, ஆட்டம் அவர் கையில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பேஸ்பாலில் வெற்றியைத் தேடித்தருவது பந்து வீசும் பிட்ச்சிங்கா, பந்தை அடிக்கும் பேட்டிங்கா? பேட்டிங்தான் என்று வாதாடிய எதிரணி நண்பர் ஓர் ஆட்டத்தை உருக்கமாகச் சொன்னார். 1959 மே 26. பிட்ஸ்பர்க் பிட்ச்சர் ஹார்வி ஹேடிக்ஸ் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 12 இன்னிங்ஸ் வீசுகிறார்; இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். 36 பேர் வருகிறார்கள், 36 பேரும் அவுட். 13-வது இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் போகிறது, தோற்றுவிடுகிறார். "அடிக்க ஆளில்லை, அதனால் தோற்றார்" என்று முடித்தார் நண்பர்.

ஐயா, பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டீர்களே! அன்று பிட்ஸ்பர்க் 12 ஹிட் அடித்தது; ஹிட் என்றால் பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸைச் சேர்வது. பன்னிரண்டு! ரன்தான் வரவில்லை. எதிரே மில்வாக்கிக்காக 13 இன்னிங்ஸையும் ஒற்றை ஆளாக வீசியவர் லூ பர்டெட். ஹிட் கொடுத்தார், ஆனால் நான்கு தவறான பந்து வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பும் வாக் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, சுற்றி வந்து தொட்டால் ரன் ஆகும் ஹோம் பிளேட்டை ஒருவரையும் தொடவிடவில்லை. நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறது.

அடித்தாலே போதும் என்றால் 1930-ல் பிலடெல்பியா பில்லீஸ் கோப்பையைத் தூக்கியிருக்க வேண்டும். அணியின் பேட்டிங் சராசரி .315, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 315 ஹிட். சக் க்ளைன் .386 சராசரியில் 40 ஹோம் ரன் அடித்தார். அணி குவித்தது 944 ரன். முடிவு? 102 தோல்வி, கடைசி இடம்! ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான்: அவர்கள் விட்டுக்கொடுத்தது 1199 ரன். மைதானம் சின்னது, ஃபீல்டிங்கும் மோசம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சின்ன மைதானத்தில்தானே வந்த அணிகளும் வீசின?

பிட்ச்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறார் என்றும் சொன்னார்கள். வரும் நாளில் ஒவ்வொரு பந்தும் அவர் கையிலிருந்துதானே புறப்படுகிறது! பேட்டர் எவ்வளவு பெரியவரானாலும் ஒன்பதில் ஒருவர். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தாலும் அடிக்கத்தக்க பந்து கிடைக்குமா? 2004-ல் சான் பிரான்சிஸ்கோவின் பேரி பாண்ட்ஸுக்கு 232 வாக். அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. பயந்துதான் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பந்தைத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்தது எந்தப் பக்கம்? அந்த மகத்தான பேட்டரை வைத்துக்கொண்டும் அந்த ஆண்டு அவர் அணி பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகவில்லை.

பத்து ஆண்டு கழித்து, அதே சான் பிரான்சிஸ்கோ. சாம்பியனை முடிவு செய்யும் 2014 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், கேன்சஸ் சிட்டியில். 3-2 என்று ஒரு ரன் முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் அவர்களின் பிட்ச்சர் மேடிசன் பம்கார்னர், பந்து வீசும் மேடான மவுண்டில் ஏறுகிறார். ஐந்தாவது ஆட்டத்தில் 117 பந்து வீசி, ரன்னே கொடுக்காமல் முடித்த கை; நடுவே இரண்டு நாள்தான் ஓய்வு. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், சமன் செய்யும் ரன்னை எடுக்க வேண்டியவர் மூன்றாவது பேஸில் நிற்கிறார். கேன்சஸ் சிட்டியின் சால்வடோர் பெரேஸுக்கு உயரமான வேகப்பந்துகளாகவே வீசுகிறார். பெரேஸ் மட்டையைச் சுழற்ற, பந்து செங்குத்தாக எழும்பி, கோட்டுக்கு வெளியே சான் பிரான்சிஸ்கோ வீரர் பாப்லோ சாண்டவாலின் கையுறையில் விழுகிறது. மூன்றாவது அவுட், வெற்றி!

நடுவர் அவர்களே, அவர் வீசிய அந்த ஐந்து இன்னிங்ஸில் சான் பிரான்சிஸ்கோ பேட்டர்கள் சேர்த்த ரன் ஒன்றுகூட இல்லை.