ஸ்டூலின் மேல் அட்டைப்பெட்டி

கடை மேலாளர்கள் இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள். ஒரு ஸ்டூலைப் பற்றிப் பேசிவிட்டு, ஊழியருக்கு உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தோம். பட்டுப் பிரிவில் ஒரு பெண் எங்களுக்காக இருபது புடவையாவது விரித்திருப்பார். "பார்த்துட்டு வர்றோம்மா" என்று என் மனைவி எழுந்ததும், முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். பின்னால் ஸ்டூல் கிடந்தது, அதன்மேல் ஓர் அட்டைப்பெட்டி. "உட்கார்ந்து மடிக்கலாமேம்மா" என்றேன். "சூப்பர்வைசர் பார்த்தா சும்மா இருக்கோம்னு நினைப்பாரு சார்" என்றார். சுவரில் 'இம்மாதச் சிறந்த ஊழியர்' படம் சிரித்துக்கொண்டிருந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னது இதுதான்: சம்பளம், வேலை செய்யும் இடம், மேற்பார்வை இவை சரியில்லை என்றால் மனம் கசக்கும். சரியாக இருந்தால் கசப்பு போகும், அவ்வளவுதான். உற்சாகம் வேறு இடத்திலிருந்து வரும்: செய்து முடித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு. நம் கடைகள் இதில் பாராட்டை மட்டும் பிடித்துக்கொண்டன. படம் மாட்டச் செலவு குறைவு, பாருங்கள்! இன்னொன்று, அவர் பேட்டி கண்ட சுமார் 200 பேரும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பக்கத்துப் பொறியாளர்களும் கணக்காளர்களும். நாற்காலி வேண்டும் என்று கேட்கும் நிலை அவர்களுக்கு வந்திருக்காது.

இங்கே அதற்கும் சட்டம் வேண்டியிருந்தது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியபின் 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைக் கொடுத்தது. தமிழ்நாடு 2021-இல், 1947-ஆம் வருடத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் அதே உரிமைக்காக 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஸ்டூல் வந்துவிட்டது. பெட்டியை யார் எடுப்பது?

சரி, இன்சென்டிவ் கொடுக்கிறோமே என்பீர்கள். வேலை உந்துதலை ஆராய்ந்த விக்டர் வ்ரூம் 1964-இல் எழுதியதைச் சுருக்கினால், உழைத்தால் இலக்கை எட்டலாம், எட்டினால் பலன் கைக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஆள் முனைவார். தீபாவளிக்கு டார்கெட்டை எட்டியவருக்குப் பொங்கலுக்கு அதையே ஏற்றிவைத்தால் அந்த நம்பிக்கை எங்கே நிற்கும்? அடுத்த முறை அவர் கணக்காகத்தான் விற்பார்.

பொறுப்பு என்றேன் அல்லவா? அதே பெண், நாங்கள் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "அந்த மெரூன்ல ஜரி சீக்கிரம் கறுக்கும்மா, எடுக்காதீங்க." அந்த ரகத்தைக் கொள்முதல் செய்தவரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "எங்களை யாரு சார் கேக்குறா?"