15 நாளில், ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்

வணக்கம் நேயர்களே. நாடாளுமன்றக் குழுக்களைப் பற்றிப் பேச ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பி விவசாயி எதற்கு என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. காப்பி டெல்லியில் வேளாண் துறையின் கீழ் வராது, காப்பி வாரியம் இருப்பது வர்த்தக அமைச்சகத்தின் கீழ். நாடாளுமன்றத்தில் துறைவாரியாக எம்பிக்கள் அடங்கிய நிலைக்குழுக்கள் உண்டு. அதனால் எங்கள் குறையை வேளாண்மை நிலைக்குழுவிடம் சொல்லிப் பயனில்லை, வர்த்தக நிலைக்குழுவிடம்தான் சொல்ல வேண்டும். காக்பர்ன் என்கிற சேலம் கலெக்டர் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது, ஆனாலும் இது தெரிந்தவர்கள் மலையில் கொஞ்சம் பேர்தான். இதைத் தேடப் போய்த்தான் எனக்கு இந்தக் குழுக்கள்மேல் பிடிப்பு வந்தது, இன்றுவரை விடவில்லை.

டிவியில் நாம் பார்ப்பது அவையை. கூச்சல், வெளிநடப்பு, ஒத்திவைப்பு. அதே எம்பிக்கள் கேமரா இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து அமைச்சகச் செயலாளரைக் கூப்பிட்டு, போன வருஷம் கொடுத்த பணம் என்ன ஆனது, இந்த மசோதாவில் இந்த வரி எதற்கு என்று கேள்வி கேட்கிறார்கள். அதுதான் குழு. 1993-இல் 17 நிலைக்குழுக்களாகத் தொடங்கியது, 2004-இல் 24 ஆனது. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது, இது முக்கியம், ஏனென்றால் கேள்வி கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அதிகாரிகள் மட்டுமல்ல, விஞ்ஞானிகள், சங்கத்துக்காரர்கள், ஏன் உங்களையும் என்னையும்கூடக் குழு சாட்சியம் சொல்லக் கூப்பிடலாம்.

2003 ஞாபகம் இருக்கிறதா? கடைகளில் கலர் பாட்டில் வாங்கவே யோசித்தோமே. குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சொன்னது, நிறுவனங்கள் அடியோடு மறுத்தன. சரத் பவார் தலைமையில், இரண்டு அவை எம்பிக்களும் சேர்ந்த ஒரு கூட்டுக்குழு அமைத்தார்கள். இரண்டு தரப்பையும் கேட்டு, 2004 பிப்ரவரியில், மையம் கண்டறிந்தது சரிதான் என்று அறிக்கை கொடுத்தார்கள். பெரிய கம்பெனியும் ஒரு சின்ன ஆய்வகமும் ஒரே மேசைக்கு முன்னால் வந்து பதில் சொன்ன இடம் அது. வேறு எங்கே நடக்கும் இது?

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2023 மார்ச்சில் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வந்தது. எது காடு என்று கணக்கில் வரும், எது வராது, காட்டுக்குள் சஃபாரி, சூழல் சுற்றுலா எல்லாம் எப்படி வரலாம் என்பதையெல்லாம் தொடுகிற மசோதா. அதைக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பினார்கள். குழு மே மாதம் அறிவிப்புப் போட்டது: கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் 15 நாளுக்குள் எழுதி அனுப்பலாம். ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்.

மே மாதம் ஏற்காட்டில் என்ன நடக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடை விழா, மலர்க் கண்காட்சி, கொண்டை ஊசி வளைவு முழுக்க வண்டி. மேலே சேர்வராயன் கோயில் திருவிழா, மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த நேரத்தில் நாகலூர் பக்கம் ஒரு ஊரில், மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிற ஊர், சாயங்காலமாக நாங்கள் சிலர் போய் உட்கார்ந்தோம். மசோதாவில் இருப்பதைத் தமிழில் சொன்னோம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் வயதான ஒரு அம்மா கேட்டார், "ஏனுங்க தம்பி, காட்டுல எதுனா கட்டோணும்னா எங்க ஊர்ல கேட்டுட்டுக் கட்டுவாங்களா, கட்டிட்டுச் சொல்லுவாங்களா?" கிராம சபையின் சம்மதம் பற்றி டெல்லியில் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்த கேள்வியும் இதுதான். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. மாடு மேய்கிற இடம், தேன் எடுக்கிற பாறை, சுடுகாட்டுக்குப் போகிற தடம், எந்தச் சோலையில் தண்ணீர் வற்றாது, எதில் வற்றும், எல்லாம் சொன்னார்கள். ஒரு சர்வே வரைபடத்திலும் இல்லாத விவரம்.

அத்தனையையும் தமிழில் எழுதிவிட்டோம். அனுப்ப முடியாது. ஆங்கிலத்தில் வேண்டும். மலையில் இருந்து கீழே வந்து, சட்டமும் தெரிந்து ஆங்கிலமும் எழுதுகிற ஒருவரைப் பிடித்து, அவருக்கு நேரம் கிடைத்து, அவர் எழுதியதை மறுபடி ஊருக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டி, இது நாங்கள் சொன்னதுதான் என்று அவர்கள் ஒத்துக்கொள்வதற்குள் 15 நாளில் பெரும்பகுதி போய்விட்டது. கடைசியில் போய்ச் சேர்ந்தது இரண்டு பக்கம். அந்த அம்மாவின் கேள்வி அதில் ஒரு வரியாக இருந்தது.

ஜூலை 20-ஆம் தேதி குழு அறிக்கை கொடுத்தது, மசோதாவில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. சில எம்பிக்கள் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார்கள், அது அறிக்கையோடு அச்சில் இருக்கிறது. ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவையும் நிறைவேற்றிவிட்டது. குழு என்ன முடிவெடுக்க வேண்டும் என்று நான் கட்டளையிட முடியாது. ஆனால் கேட்கிறேன் என்று கூப்பிட்டால், சொல்கிறவரின் மொழியில் கேட்க வேண்டும். இதை எங்கே போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். அவையில் ஒரு எம்பி தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். மாநிலங்களவையில் 2018 முதல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பேசலாம். எம்பிக்கு இருக்கிற வசதி அவரை அனுப்பி வைத்த ஊருக்கு ஏன் இல்லை? மொழிபெயர்க்கும் வேலை குழுவின் செயலகத்துக்கு உரியது. நாகலூருக்கு உரியதல்ல.

இதெல்லாம் குழுவுக்கு மசோதா போனால்தானே. பி.ஆர்.எஸ். என்கிற ஆய்வு அமைப்பின் கணக்கில், 15-ஆவது மக்களவைக் காலத்தில், அதாவது 2009 முதல் 2014 வரை, நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவையில் 16. விவசாயிகளுக்கு இதற்கு உதாரணம் வேண்டாம். 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் எந்தக் குழுவுக்கும் போகாமல் நிறைவேறின. குழு அறையில் கேட்டிருக்க வேண்டியதை டெல்லி எல்லையில் டிராக்டரோடு ஒரு வருஷம் உட்கார்ந்து சொன்னார்கள், 2021 நவம்பரில் சட்டம் ரத்தானது. நூறு சாட்சிகளைக் கூப்பிட்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். நம் சட்டமன்றக் குழுக்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், முடிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் கலெக்டர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வரும். மனு தமிழில் மட்டும், ஐந்து நகல். ஊருக்குப் பொதுவான பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. கோர்ட்டில் வழக்கு இருக்கிற விஷயம் கூடாது, பட்டா, முதியோர் பென்ஷன், வேலை, கடன் இவற்றைக் கேட்டும் எழுதக் கூடாது. பாலம், ரோடு, தண்ணீர்த் தொட்டி, பஸ், இதையெல்லாம் எழுதலாம். தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 9 என்று போட்டு, தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். வணக்கம்.