விண்வெளிப் பேரரசுக்கும் ஒரு துறைமுகம் வேண்டும்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

அறிவியல் புனைகதை எழுதும் இளையவர்கள் சிலர் தங்கள் கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் காட்டுவதுண்டு. பெரும்பாலும் முதற்பக்கத்திலேயே ஒரு வரைபடம் இருக்கும். ஒரு பேரரசுக்குச் சிவப்பு, எதிரிப் பேரரசுக்கு நீலம். இரண்டு நிறங்களும் விண்மீன்களை விழுங்கியபடி பரவி, நடுவில் முட்டிக்கொள்ளும். உடனே போர். ஏன் அந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் பதில் வராது.

திருகோணமலைக்காரர்களுக்கு அந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சோழமண்டலக் கரையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று எழுந்துவிட்டால் அந்தக் கரையில் போர்க்கப்பல் ஒதுங்க இடமில்லை. சென்னையில் அன்று கட்டப்பட்ட துறைமுகம் கிடையாது; கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. பழுதுபார்க்க வேண்டுமென்றால் ஆங்கிலேயர் பம்பாய்வரை சுற்றிப்போக வேண்டும். எந்தக் காற்றுக்கும் அசையாத ஆழமான குடா நம்முடையது. அதனால் 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இதைப் பறித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அவர்களிடமிருந்து பறித்தார். ஒரே ஆண்டில் மூன்று கொடிகள்! உள்நாட்டில் கண்டி இராச்சியமோ 1815 வரை தன் பாட்டில் இருந்தது. பேரரசுகள் முதலில் தேடியது தங்குமிடத்தை. தீவு முழுவதற்கும் ஒரே நிறம் பூசப்பட்டது பின்னாளில்.

விண்வெளியிலும் பருவம் உண்டு. குறைந்த எரிபொருளில் பூமியிலிருந்து செவ்வாய்க்குப் புறப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒரு முறைதான் அமைகிறது. அதைத் தவறவிட்ட கப்பற்படை காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும் இடத்தில் என்ன வேண்டும்? தண்ணீர். பனிக்கட்டியை உருக்கிப் பிரித்தால் ஐதரசனும் ஒட்சிசனும் கிடைக்கின்றன. அவையே எரிபொருள், அவையே மூச்சு. நிலவின் தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களில் பனி இருக்கிறது. சிறுகோள் பட்டையில் சீரிஸ் என்னும் பனி நிறைந்த குறுங்கோள் இருக்கிறது. அதன் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் மூன்று சதவீதம் அளவுதான் என்பதால், அங்கிருந்து கிளம்புவதும் மலிவு. எதிர்காலப் பேரரசுகள் இத்தகைய சின்னஞ்சிறு உலகங்களுக்காகத்தான் இரத்தம் சிந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரிய கோள்கள் நம் கண்டியைப் போல நெடுங்காலம் தனித்திருக்கலாம்.

செய்தி போய்ச்சேரும் வேகத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. ஆனால் ஜூன் 20ஆம் திகதி கடலூருக்கு அப்பால் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் மோதின. சமாதானச் செய்தி அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது. முடிந்துபோன போருக்காக மாலுமிகள் செத்தார்கள். மிக அருகிலுள்ள அயல் விண்மீனுக்கு ஒளியே போய்ச்சேர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். அப்படியானால் அங்கே எல்லையை விரிப்பவர் பேரரசர் அல்லர், தலைநகரின் அனுமதிக்குக் காத்திருக்க முடியாத ஓர் ஆளுநர். கதைக்கு அவர்தான் எவ்வளவு அருமையான பாத்திரம்!

சந்திரனையோ பிற கோள்களையோ எந்த நாடும் தனக்கு உரிமையாக்க முடியாது என்று 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே வருகிறவர்கள் குத்தகை என்றும் பாதுகாப்பு என்றும் சொல்லிக்கொண்டு வரக்கூடும். 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு ஒப்பந்தம் செய்து இந்தத் தீவுக்குள் காலூன்றிய ஒல்லாந்தரும் ஒரு வணிகக் கும்பினியினர்தாமே.

இனி, இளையவர்கள் ஒரு முறை நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று. கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டை வாயிலின் நிலைக்கல்லில் உடைந்த தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் 1620களில் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கல்லில் எஞ்சியிருப்பவை சில சொற்துண்டுகளே. முழுப்பாட்டும் வாய்வழியாக வந்தது. குளக்கோட்டன் என்னும் பழைய மன்னன் செய்த கோவில் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என ஒருவர்பின் ஒருவராக ஆள்வார்கள் என்கிறது அது. யார் எவர் என்று பலரும் பலவிதமாகப் பொருள் சொல்வார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. போட்டிப் பேரரசுகளின் எதிர்காலத்தை நம்மவர் ஏற்கெனவே கற்பனை செய்திருக்கிறார்கள். அதில் நாட்டின் பெயரோ படையின் பெருமையோ இல்லை. கரையில் நின்றவர் வந்தவனின் முகத்துக்கு நேரே பார்த்த கண்கள் மட்டும் இருக்கின்றன.

அந்த இடத்திலிருந்து எழுதிப் பாருங்கள். சீரிஸில் எரிபொருள் நிரப்பும் ஒரு பெண். ஆண்டுக்குள் மூன்றாவது கொடி ஏறுகிறது. பழைய நாணயத்தில் வாங்கிய சம்பளம் இனிச் செல்லுமா? யாருக்குத் தண்ணீர் கொடுத்ததற்காக அவளை விசாரிக்கப் போகிறார்கள்? விசாரிக்க வருகிறவனின் கண்கள் எப்படி இருக்கும்?

எழுதியவர்கள் எனக்கு அனுப்பிவையுங்கள்; ஆவலோடு வாசிப்பேன். நன்றி, வணக்கம்.